சீதன மீன்கள்

ஜெயரூபிக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது என்ற கதை முள்ளியவளையில் பரவியபோது சனம் முதலில் கேட்ட கேள்வி, "அப்ப அந்த மீனுகளுக்கு ஆர் தண்ணி மாத்துறது?" என்பதுதான். மாப்பிள்ளை எந்த ஊர், என்ன தொழில், குணம் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாற்பதைத் தொடப்போகிற ஒரு மனுசிக்கு நல்ல காரியம் ஒன்று நடக்கப்போகிறதே, வாய் நிறைய வாழ்த்துவோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மீனாம் மீன்!

குழம்புக்கு ஆகிற மீன் என்றாலும் பரவாயில்லை. இது பார்த்துக்கொண்டிருக்கிற மீன். டிஸ்கஸ் என்று பெயர். தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிஸ் மாதிரி வட்டமாக, தட்டையாக, சிவப்பிலும் நீலத்திலும் வரி ஓடி, அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதுகளின் செருக்கு இருக்கிறதே, அப்பப்பா! தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்தால் கோபம், கொஞ்சம் அழுக்கானால் கோபம். கோபம் வந்தால் உடம்பைக் கறுப்பாக்கிக்கொண்டு மூலையில் போய் நின்றுவிடும். சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காது.

இந்தச் சீமாட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் ஜெயரூபியின் தம்பி பிரசாந்தன். ஜெயரூபி தையல் மெசின் போட்டிருந்த அறையில்தான் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கினான். "கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா, பிறகு பின்பக்கம் கொட்டில் போட்டு மாத்திவிடுறன்" என்றான். கொட்டிலும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. அவனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. புறப்படுகிற காலையில் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தானே. வான் வாசலில் வந்து நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்ன கடைசி வார்த்தை, "அக்கா, மீனுகள் கவனம்."

தையல் மெசின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மூலைக்குப் போனது. ஜெயரூபி மீனுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கிறவளாக ஆனாள்.

முள்ளியவளைக் கிணற்றுத் தண்ணீரை அறிந்தவர்களுக்கு விளங்கும். கேத்திலில் நாலு தரம் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளைப் படை பிடித்துவிடும். அவ்வளவு சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரில் டிஸ்கஸ் உயிரோடு இருக்கும், பெருகாது. முட்டை இடும், ஆனால் முட்டையின் தோல் சுண்ணாம்பில் இறுகிப்போய், இரண்டாம் நாள் எல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செத்துக் கிடக்கும். அதற்கு மெத்தென்ற தண்ணீர் வேண்டும். இங்கே மெத்தென்ற தண்ணீர் வானத்தில்தான் இருக்கிறது. சண்டை முடிந்து மீள்குடியேறின காலத்தில் வீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்த வட்டச் சீமெந்துத் தொட்டியில் கூரை மழையைப் பிடித்து, அதில் நாட்டு வாதுமை என்கிற கொட்டங்காய் மரத்து இலையை ஊறப்போட்டு, அது சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்ததும் வடித்து, கையில் தொட்டால் இளஞ்சூடு தெரிகிற பதத்தில் வைத்துக்கொண்டு, பழைய தண்ணீரில் பாதியைக் குழாயால் உறிஞ்சி வெளியே விட்டுவிட்டுப் புதியதை மெல்ல மெல்ல ஊற்றவேண்டும். தினமும். காய்ச்சல் என்றாலும் தினமும். மின்சாரம் போனால் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பித் தொட்டிக்குள் மிதக்கவிடவேண்டும். சாப்பாட்டுக்கு முல்லைத்தீவு இறாலைத் தோல் உரித்து அரைத்துக் கொடுக்கவேண்டும். தனக்கு ஒரு இறால் குழம்பு வைத்துத் தின்று எத்தனை காலமாயிற்று என்று ஜெயரூபிக்கே ஞாபகமில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனமெல்லாம் அவளுடைய வேலிப் படலையைத் தாண்டித்தான் போகும். "வாறியேடி ஜெயா?" என்று கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அவள் ஈரக்கையோடு படலையில் நின்று தலையை ஆட்டுவாள். பிறகு கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள்.

தம்பி தினமும் வீடியோவில் வருவான். வந்ததும், "அக்கா, போனைக் கொஞ்சம் கீழ பிடியுங்கோ" என்பான். கீழே பிடித்தால் மீன் தெரியும். பெருக்கத்துக்கு விட்ட ஆண் பெண் சோடி பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதா, முட்டையிடக் கல்லைத் துப்புரவாக்குகிறதா, சூடு எத்தனை காட்டுகிறது என்று விசாரிப்பான். அக்காவின் முகத்தை அவன் கண்டு கனகாலம்.

இந்தக் கண்ணாடிச் சிறைக்குள் இருந்தவளுக்குத்தான் தர்ஷனின் சம்பந்தம் வந்தது. இரண்டு தங்கைகளைக் கரைசேர்த்துவிட்டு மிச்சமாக நின்ற மனிதன். கனகராயன்குளத்தில், கண்டி வீதிக் கரையில், டயர் ஒட்டுகிற கடை. வீடு கடைக்குப் பின்னால். அவன் படத்தைப் பார்த்து ஜெயரூபி மயங்கினாள் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். மயங்குகிற முகமும் அல்ல. வீதியைக் கேட்டுத்தான் அவளுக்கு மனம் துள்ளியது. வாசலில் நின்று கையைக் காட்டினால் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் நிற்கும், வவுனியாவுக்கும் பஸ் நிற்கும். கையைக் காட்டுவது அவள் இஷ்டம், ஏறுவது அவள் இஷ்டம். இதைவிட ஒரு பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

ஆவணியில் எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, முடிந்தது. தாலி கட்டுவதை ஐப்பசியில் வைத்தார்கள். அதற்கு முன் ஒரு நாள், போய் வாழப்போகிற வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஜெயரூபி புறப்பட்டாள். சோடி அப்போதுதான் முட்டையிட்டிருந்தது. "நீ போட்டு வா அக்கா, நான் பாத்துக்கொள்ளுறன். தண்ணியை நாளைக்கு நீயே மாத்து, நான் கையே வைக்கமாட்டன்" என்று பக்கத்து வீட்டுச் சுரேகா சத்தியம் செய்தாள். சுரேகா தங்கமான பெட்டை. அவளுடைய புருஷனும் தங்கமானவன். அங்கேதான் வந்தது வினை.

கனகராயன்குளத்தில் ஜெயரூபி ஒரு பகல் முழுவதும் மகாராணி மாதிரிக் கதிரையில் இருந்தாள். லொறி போவதைப் பார்த்தாள், பஸ் போவதைப் பார்த்தாள். தர்ஷன் கிறீஸ் கையோடு ஓடி ஓடிச் சோடா வாங்கிக் கொடுத்தான். "சத்தம் கரைச்சலாய் இருக்கே உமக்கு?" என்று கேட்டான். "இல்லை, இல்லை, நல்லாய் இருக்கு" என்றாள். அவன் நம்பவில்லை. சும்மா மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஆம்பிளைகளுக்கு நாங்கள் வாய் திறந்து சொல்லுகிறது ஒருநாளும் காதில் விழாது.

அவள் இல்லாத நேரத்தில் சுரேகாவின் புருஷன் மழைத்தொட்டியைப் பார்த்திருக்கிறான். பக்கத்தில் ஒரு வெடிப்பு, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. "பாவம், தனிய இருக்கிற மனுசி, மழைத்தண்ணிக்கு எவ்வளவு பாடுபடுது" என்று இரங்கி, அடியில் கிடந்த தண்ணீரையும் இறைத்துவிட்டு, உட்பக்கம் முழுக்கச் சீமெந்து குழைத்துப் பளபளவென்று பூசிவிட்டான். வன்னியில் ஒருவனுக்கு இன்னொருவன் உதவி என்றால் முதலில் கையில் எடுப்பது சீமெந்துக் கரண்டியைத்தான். மறுநாள் விடியப் பெரு மழை. தொட்டி நிரம்பிவிட்டது. உள்ளே பூசினது தெரியாமல், புது மழைத்தண்ணீர் என்று சந்தோசப்பட்டு, ஜெயரூபி அதையே அள்ளி இலையோடு சேர்த்து மாற்றினாள்.

பச்சைச் சீமெந்தின் காரம் முழுக்க அந்தத் தண்ணீரில் இருந்தது. மத்தியானத்துக்குள் முட்டையெல்லாம் வெளுத்தன. மீன்கள் கறுத்து, செட்டையைச் சுருக்கிக்கொண்டு, உடம்புச் சளி நூல் நூலாக உரிய, வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. அவள் தொட்டித் தண்ணீரை விரலில் எடுத்துத் தேய்த்தாள். சவர்க்காரம் போல வழுக்கியது. ஐயோ என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். கிடாரம், சட்டி, பானை, சோறு வடிக்கிற தாச்சி, குசினியில் இருந்த எல்லாவற்றையும் கூரைவிளிம்பின் கீழ் வைத்து, மழையில் நனைந்து நனைந்து பிடித்தாள். சோடியை மட்டும் காப்பாற்ற முடிந்தது. மற்றதெல்லாம் மல்லாந்துவிட்டன.

"நீங்கள் ஒரு நாள் வெளிக்கிட்டதுக்கு இவ்வளவும் போச்சு அக்கா" என்றான் தம்பி. திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். அவன் அழுதான். அங்கே வெயிலில் கிடந்து சாகிறானாம்; இந்த மீனை நினைத்துக்கொண்டுதான் நித்திரைக்குப் போகிறானாம்; ஊருக்கு வந்து இதையே தொழிலாகச் செய்யலாம் என்றிருந்தானாம். "ஒரு குஞ்சுக் கூட்டம், ஒண்டே ஒண்டு எடுத்துத் தாங்கோ. பிறகு நான் ஒண்டும் கேக்கமாட்டன்." அவள் சரி என்று சொன்னாள். சுரேகாவின் புருஷனிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவும் அவளால் முடியவில்லை. உதவி செய்தவனை எப்படி ஏசுவது? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். தாலி தைக்குத் தள்ளிப்போனது.

சோடி அடுத்த முறை இட்ட முட்டையை அப்பன் மீனே தின்றது. அதற்கடுத்ததைத் தாய் தின்றது. ஜெயரூபி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து, "தின்னுங்கோ, தின்னுங்கோ, நாசமாய்ப் போங்கோ" என்று திட்டினாள். திட்டிவிட்டுத் தண்ணீர் மாற்றினாள். நாலாம் முறை, தைப்பொங்கலை ஒட்டி, குஞ்சு பொரித்தது.

இந்த மீனுக்கு ஒரு விசேஷம் உண்டு. குஞ்சுகளுக்கு வெளிச் சாப்பாடு ஆகாது. தாயும் தகப்பனும் உடம்பில் ஒரு பசையைச் சுரக்கும். குஞ்சுகள் அந்தத் தோலில் ஒட்டிக்கொண்டு அதையே தின்று வளரும். தாய் களைத்தால் ஒரு உதறு உதறும். கூட்டம் முழுவதும் பறந்து தகப்பன் மேல் போய் ஒட்டும். பிறகு தகப்பன் உதறும். நாள் முழுக்க இதுதான். இந்த நேரத்தில் தொட்டியை அசைக்கவும் கூடாது, தண்ணீர் ஒரு நேரம் பிந்தவும் கூடாது. பெற்றதுகளின் தோல் கெட்டுப் பசை வற்றினால் குஞ்சுகள் பசியில் செத்துப்போகும். ஜெயரூபிக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமும் வந்தது, கண்ணும் கலங்கியது. சனியன்கள், இவ்வளவு அழகாக இருக்கவேண்டாமே! அரைத்த இறால் கையில் நாற, அவள் தொட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிடுவாள்.

பிரசாந்தன் வீடியோவில் துள்ளினான். தர்ஷனையும் அதே அழைப்பில் சேர்த்தான். இரண்டு ஆம்பிளைகளும் மீனைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்.

"அத்தான், இதுகள் பெருக்கிற தண்ணிப் பக்குவம் அக்காவின்ரை கைக்கு மட்டுந்தான் தெரியும்" என்றான் தம்பி. "வீடும் அக்காவின்ரை பேரிலைதான். அம்மா எழுதி வைச்ச சீதனம். மீனும் அக்காவுக்கு நான் குடுக்கிற சீதனம் எண்டே வையுங்கோ. மாப்பிள்ளை பொம்பிளை வீட்டை வந்து இருக்கிறதுதானே எங்கடை முறை?"

தர்ஷன் யோசித்தான். "அது சரிதான் பிரசாந்தன்" என்று சொன்னான்.

ஜெயரூபி போனைத் தன் முகத்துப் பக்கம் திருப்பினாள். "அக்கா, ஆட்டாதேங்கோ, மீன் தெரியேல்லை" என்றான் தம்பி.

முறைதான். ஊர் உலகத்து முறை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு. கேட்டவர்கள் எல்லாம், "உனக்கென்னடி குறை, வீடு வாசலை விட்டுப் போகவேண்டியதில்லை, குடுத்து வைச்சவள்" என்றார்கள். சுரேகா கட்டிப்பிடித்து, "அப்பாடா, நீ எங்களை விட்டுப் போகப்போறாய் எண்டு பயந்தே போனன்" என்றாள். ஜெயரூபி எல்லோருக்கும் சிரித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்துத் தாடை நொந்தது. தர்ஷனுக்குக் கடை இருக்கிறது, தொழில் இருக்கிறது, அவன் எப்படி விட்டுவிட்டு வருவான், வரமாட்டான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

ஒரு பின்னேரம் தர்ஷன் வந்தான். கையில் ஒரு உடுப்புப் பாய்க். முகமெல்லாம் சந்தோசம். முற்றத்து மாமரத்தடியில் கதிரை போட்டு இருத்தி, அவள் தேத்தண்ணி கொடுத்தாள்.

"ஒரு கதை சொல்லுறன், அழக்கூடாது" என்றான். "கடையை என்னோடை நிண்ட கோகுலனிட்டைக் குடுத்திட்டன். பின்னாலை இருக்கிற வீட்டையும் அவனுக்கே விட்டிட்டன். இஞ்சை சந்தியிலை ஒரு துண்டு இடம் பாத்து வைச்சிருக்கிறன். நானே இஞ்சை வாறன். நீர் ஒண்டுக்கும் கவலைப்படாதையும். அண்டைக்கு அங்கை வந்து, அந்தச் சத்தத்துக்கையும் புழுதிக்கையும் நீர் சிரிச்சுக்கொண்டு இருந்தனீர். எனக்கு விளங்கினது. உமக்கு உம்மடை வீட்டையும் அந்த மீனுகளையும் விட்டிட்டு வர மனம் வராது."

ஜெயரூபி தேத்தண்ணித் தட்டை நிலத்தில் வைத்தாள்.

"நான் அந்தச் சத்தத்துக்கும் புழுதிக்கும்தான் உங்களைக் கட்ட ஓம் எண்டனான்" என்றாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இந்த வீட்டை விட்டுப் போகவேணும். அதுக்காகத்தான். மூச்சு முட்டுது எனக்கு. விடிஞ்சால் தண்ணி, பொழுதுபட்டால் தண்ணி. படலைக்கு வெளியிலை கால் வைச்சால் ஏதாவது சாகும். நான் செத்தாலும் முதலிலை தண்ணியை மாத்திப்போட்டுத்தான் சாகவேணும். ஒருத்தரும் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை." அவள் குரல் ஏறியது. வேலிக்கு அப்பால் சுரேகா விளக்குமாறைப் பிடித்தபடி அசையாமல் நிற்பது தெரிந்தது. நின்றால் நிற்கட்டும்!

தர்ஷன் குனிந்து கோப்பையைத் தட்டில் வைத்தான். வலித்திருக்கும். வலிக்காதா பின்னே? ஆனால் நல்ல மனிதன். எழும்பினான்.

"அப்ப வாரும்" என்றான். "கோகுலன் என்ரை கையுக்கை வளர்ந்தவன். திருப்பித் தா எண்டால் தருவான். எழுத்து முடிஞ்சதுதானே, ஆர் என்ன சொல்லுறது? வவுனியா பஸ் இன்னும் போகேல்லை. உடுப்பை மாத்திக்கொண்டு வாரும், இப்பவே போவம்."

அவள் அவனை நம்பமுடியாமல் பார்த்தாள். அவன் பாய்க்கைத் தோளில் போட்டுக்கொண்டு உண்மையாகவே படலைப் பக்கம் திரும்பி நின்றான். விசர் மனிசன்! ஜெயரூபி உள்ளே ஓடினாள். அலுமாரியைத் திறந்து கைக்கு அகப்பட்ட சேலையை இழுத்தாள், அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள், தலையை வாரினாள். கண்ணாடியில் முகம் பார்த்தபோது பத்து வயது குறைந்துபோயிருந்தது. செருப்பை எடுக்கப் போகிற வழியில் தொட்டி அறையைத் தாண்டவேண்டும்.

தாய் மீன் உதறியது. கூட்டம் கலைந்து தகப்பனிடம் போனது. இரண்டு மூன்று குஞ்சுகள் வழி தெரியாமல் நடுவில் சுழன்றன. தண்ணீரின் மேல் எண்ணெய் போல ஒரு மெல்லிய படை பிடிக்கத் தொடங்கியிருந்தது. இன்றைய தண்ணீர் இன்னும் மாற்றவில்லை. மாற்றாமல் விட்டால் விடிவதற்குள் பெற்றதுகளின் தோல் கெடும். அதோடு எல்லாம் முடிந்தது.

அவள் வாசலுக்கு வந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். "இண்டைக்கு மட்டும் தண்ணியை மாத்திப்போட்டு வாறன். கெதியாய் முடிச்சிடுவன்."

தர்ஷன் அவளைப் பார்த்தான். நல்ல சேலை, வாரின தலை, முழங்கைக்கு மேல் இழுத்துவிட்ட சட்டைக் கை. படலையைச் சாத்தினான். பாய்க்கைக் கழற்றிக் கதிரையில் வைத்தான். சேட்டைக் கழற்றி அதன் மேல் மடித்துப் போட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவளுக்குப் பக்கத்தில், தொட்டிக்கு முன்னால் நின்றான்.

"தனியக் கஷ்டப்படாதையும். நானும் பிடிக்கிறன்" என்றான். "எந்த வாளி?"

அந்த நிமிடம் அவளுக்கு அவன் மேல் வந்த வெறுப்பைப் போல, தம்பி மேல்கூட ஒருநாளும் வந்ததில்லை. கத்தவேண்டும் போல இருந்தது. அவனைப் பிடித்துத் தள்ளி, படலையைத் திறந்து, தனியாகவாவது ஓடவேண்டும் போல இருந்தது. அவன் குனிந்து, குஞ்சுகள் தகப்பன் மேல் ஒட்டுவதைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தான். வீதியில் வவுனியா பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"உது இல்லை" என்றாள் ஜெயரூபி. "மற்றது. மெல்லமாய் ஊத்துங்கோ."